தீவுலக நாயகனின் நிறம்

அமெரிக்க எழுத்தாளர் அர்சுலா லெ குவின், 1968இல் 'எர்த்சீ' எனும் கற்பனை உலகைச் சிறுவர் புதினமாக வடித்தார். அங்குப் பெருநிலம் இல்லை. எங்கும் கடல், எண்ணற்ற தீவுகள், படகோட்டிகள், காற்றை ஏவும் மந்திரவாதிகள். மூன்றாம் நூலில் (1972) வரும் தெப்ப மக்களோ ஆண்டுக்கொருமுறை மட்டுமே கரையேறுவர். அதுவும் மரம் வெட்டித் தெப்பங்களைச் செப்பனிடவே!

ஆசிரிய நண்பர்கள் கவனிக்க வேண்டியது வேறொன்று. நாயகன் கெட் செம்பழுப்பு நிறத்தவன். தோழன் வெட்ச் கருநிறத்தவன். வெள்ளை நிறத்தவரோ, கதையின் தொடக்கத்தில் கொள்ளையிட வரும் கார்காட் நாட்டினர். அக்கால மாயப் புதினங்களில் இஃது அரிது. ஆயினும் பின்வந்த பதிப்புகள் பலவற்றின் அட்டையில் கெட் வெளுத்துப் போனான். கதையில் ஓர் எழுத்தும் மாறவில்லை. படம் மட்டும் மாறியது. தம் நிறத்து நாயகனைக் காணும் வாய்ப்பு, நம் பிள்ளைகளைப் போன்றோருக்கு அட்டையிலேயே பறிபோயிற்று. 2004இல் வந்த அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரிலும் வெள்ளை நடிகரே கெட்டாகத் தோன்றினார். லெ குவின் வாளாவிருக்கவில்லை. அவ்வாண்டே கண்டனக் கட்டுரை எழுதினார்.

அவர் 2018 சனவரியில் மறைந்தார். அவருடன் கலந்து பேசி ஓவியர் சார்ல்ஸ் வெஸ் வரைந்த முழுத்தொகுப்பு, அவ்வாண்டு அக்டோபரில் வெளிவந்தது. அதில் கெட் பழுப்பு நிறத்தவனாகவே இருக்கிறான்.