வருணனுக்கும் வாயுவுக்கும் இடையில் ஒரு பழைய வேன்

கிரிவலப் பாதையில் வருண லிங்கத்தைக் கடந்து வாயு லிங்கத்தை நோக்கி நடப்போர் அடி அண்ணாமலை வழியாகத்தான் செல்ல வேண்டும். திருவெம்பாவை பாடப்பட்ட இடமென்று போற்றப்படும் மாணிக்கவாசகர் கோயில் அங்கேதான் உள்ளது. சென்ற முறை அதைத் தரிசித்துத் திரும்புகையில், ஊருக்குள் வேப்பமரத்தடியில் நின்ற ஒரு பழைய ஃபோக்ஸ்வாகன் வேன் எங்களை நிறுத்திவிட்டது. உள்ளே கட்டிலாக விரியும் இருக்கை, சிறு அலமாரி, அடுப்பு வைக்கும் மேடை. ஒரு காலத்தில் ஒரு குடும்பம் அதிலேயே உண்டு உறங்கி ஐரோப்பாவிலிருந்து தரைவழியே வந்திருக்கிறது. இப்போது எஞ்சின் பிடித்துப்போய் நிற்கிறது. காரணம் கேட்டோம். டீக்கடையில் இருந்தவர்கள் அனைவரும் ஒரே தீர்ப்பைச் சொன்னார்கள்: "குளிர்நாட்டு எஞ்சின் சார், ரேடியேட்டரே கிடையாது. நம்ம வெயில் தாங்குமா?"

இத்தீர்ப்பு அநியாயமானது என்பது எங்கள் கட்சி. வரலாற்றைச் சற்றே புரட்டினால் விளங்கும்.

1934இல் ஜெர்மனியில் மக்கள் காரை வடிவமைக்கும் பொறுப்பு ஃபெர்டினாண்ட் போர்ஷேயிடம் வந்தபோது, எஞ்சின் காற்றால் குளிர வேண்டுமென்பது ஒரு நிபந்தனை. வாங்கப்போகும் எளியவர்களுக்குக் கார் நிறுத்தக் கொட்டகை கிடையாது. பனிக்காலத்தில் தெருவில் நிற்கும் வண்டியின் ரேடியேட்டர் நீர் உறைந்து எஞ்சினையே பிளந்துவிடும். ஆகவே பிறப்பு குளிருக்காக என்பது உண்மையே. ஆனால் அதே எஞ்சின் பூட்டிய ராணுவ வண்டிகள் இரண்டாம் உலகப் போரில் வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் ஓடின. குடிக்கவே நீரில்லாத இடத்தில், நீர் கேட்காத எஞ்சின் பெரும் வசதியாக இருந்தது.

1947 ஏப்ரல் 23 அன்று பென் போன் என்ற டச்சு வணிகர் தம் குறிப்பேட்டில் பெட்டி போன்ற ஒரு வண்டியைக் கிறுக்கினார். அதுவே 1950 மார்ச்சில் வேனாக உற்பத்திக்கு வந்தது. 1131 சி.சி., 25 குதிரைத்திறன். இன்று ஒரு பெரிய மோட்டார் சைக்கிளுக்கே அதைவிட அதிகம். மறு ஆண்டு முதல் வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் அதற்குள் வீட்டுச் சாமான்களைப் பொருத்தித் தரலாயிற்று. 1960களிலும் 70களிலும் இஸ்தான்புல், டெஹ்ரான், காபூல், லாகூர் வழியாக இத்தகைய வண்டிகள் இந்தியாவுக்கு வந்தவண்ணம் இருந்தன. 1979இல் ஈரானியப் புரட்சியும் ஆப்கானிஸ்தானில் சோவியத் படை நுழைவும் அவ்வழியை அடைத்தன. காந்தகாரின் கோடையைக் கடந்து வந்த எஞ்சினுக்கு நம் சித்திரை வெயில் புதிதன்று.

பிறகு ஏன் பிடித்தது? இங்கேதான் அந்த விசிறியின் சூட்சுமத்தைப் பார்க்க வேண்டும்.

எஞ்சின் வண்டியின் பின்புறம் இருப்பதால் எதிர்காற்று அதன்மேல் படாது. டைனமோவின் தண்டிலேயே பூட்டிய விசிறி, ஃபேன் பெல்ட்டால் எஞ்சினைவிட ஏறக்குறைய இருமடங்கு வேகத்தில் சுழன்று, பக்கவாட்டு இடுக்குகள் வழியே காற்றை இழுக்கிறது. விசிறி இழுத்தால் மட்டும் போதாது. அதைச் சூழ்ந்த தகரக்கூடு அக்காற்றைச் சிந்தாமல் நான்கு சிலிண்டர்களின் துடுப்புகளுக்கிடையே செலுத்தி, சூடானதைக் கீழே தள்ள வேண்டும். எஞ்சினைச் சுற்றியுள்ள தகரமும் அதன் விளிம்பிலுள்ள ரப்பரும் மேல் அறையையும் கீழ்ப்புறத்தையும் பிரிக்கும் சுவர். அந்த ரப்பர் நைந்தால், கீழே போன வெந்நிறக் காற்றையே விசிறி மறுபடி உறிஞ்சும். தன் மூச்சையே தான் சுவாசிக்கும் நிலை!

அடி அண்ணாமலை வேனில் யாரோ ஒரு மெக்கானிக், "இவ்வளவு தகரம் மூடியிருந்தால் காற்று எப்படிப் போகும்?" என்று நல்லெண்ணத்தோடு அவற்றைக் கழற்றியிருந்தார். ரேடியேட்டர் வண்டிகளையே பார்த்துப் பழகிய கைக்கு அது இயல்பான எண்ணமே. விசிறி முன்போலவே சுழன்றது. காற்றோ நாலாபுறமும் சிதறியது. நீர் கொதித்தால் ஆவி காட்டிக்கொடுக்கும். காற்றெஞ்சினுக்கு அந்த அழுகை கூடக் கிடையாது. பெல்ட் அறுந்தால் டைனமோ விளக்கு எரியும். தகரம் இல்லையென்று எந்த விளக்கும் சொல்லாது.

பிடித்தது மூன்றாம் சிலிண்டர். இதில் வடிவமைத்தவர்களின் குறையும் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறோம். பழைய எஞ்சின்களில் ஆயில் கூலர் அந்தச் சிலிண்டருக்குப் போகும் காற்றின் வழியில் நிற்கும்; 1971 மாடலில்தான் அதை ஒதுக்கி வைத்தார்கள். மேட்டில் மேல் கியரிலேயே முக்கி முனகி ஏற்றினால் விசிறியின் வேகமும் குறையும். கியரைக் குறைத்து எஞ்சினைச் சுழலவிட வேண்டும் என்பதும் மறந்துபோன பழைய பாடம்.

வெயில் காரணமென்றால் பிரேசிலில் இவ்வேன் 2005 வரை காற்றுக் குளிர்விப்போடே உற்பத்தியாகியிருக்க முடியாது. அவ்வளவு தூரம் போவானேன்? கிரிவலப் பாதையில் பல்லாண்டு ஓடிய பழைய பஜாஜ் ஆட்டோக்களின் இரு வீச்சு எஞ்சினும் இதே வகைதான்: ஒரு விசிறி, அதைச் சுற்றி ஒரு கூடு, தண்ணீர் கிடையாது. பௌர்ணமிக் கூட்டத்தில் நகர்ந்தும் நகராமலும் ஊர்ந்த ஆட்டோக்களைக் குளிர்வித்தது அந்தக் கூடுதான்.

வேனின் இப்போதைய உரிமையாளரிடம் இவற்றைச் சொன்னோம். பொறுமையாகக் கேட்டார். கழற்றிய தகரங்கள் எங்கே என்று விசாரித்தோம். பழைய இரும்புக்குப் போட்டு ஆறு மாதம் ஆயிற்றாம்.