ரக்சௌல் வழியாகப் போன ஜனநாயகம்

1950 நவம்பர் 6 அன்று நேபாள மன்னர் திரிபுவன் வேட்டைக்குப் போவதாகச் சொல்லிக் குடும்பத்தோடு அரண்மனையை விட்டுக் கிளம்பினார். வழியில் இந்தியத் தூதரகம் வந்தது. கார்கள் சட்டென்று அதன் வாசலுக்குள் திரும்பின. தன் தலைநகரிலேயே, தன் பிரதமருக்குப் பயந்து, ஒரு மன்னர் பக்கத்து நாட்டின் தூதரகத்தில் அடைக்கலம் புகுந்தார். மகன்களும் மூத்த பேரன் பிரேந்திராவும் கூடவே இருந்தார்கள். அரண்மனையில் விட்டுவரப்பட்டவன் இளைய பேரன் ஞானேந்திரா. வயது மூன்று. மறுநாளே பிரதமர் மோகன் ஷம்ஷேர் ராணா அந்தக் குழந்தையின் தலையில் கிரீடத்தை வைத்தார்.

டெல்லி அந்தக் கிரீடத்தை ஏற்கவில்லை. சில நாட்களில் இந்திய விமானப்படை திரிபுவனைப் பத்திரமாக டெல்லிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. குழந்தை மன்னரின் ஆட்சி இரண்டே மாதத்தில் முடிந்தது. ஆனால் அந்தக் குழந்தையின் கதை முடியவில்லை. அரை நூற்றாண்டு கழித்து இதே ஞானேந்திரா மறுபடியும் முடிசூடினார். அப்போதும் அவருடைய கிரீடம் நிலைக்குமா என்ற கேள்விக்கு விடை தேடி எல்லோரும் டெல்லியின் முகத்தைத்தான் பார்த்தார்கள்.

மன்னர் பிரதமருக்குப் பயப்படுவானேன் என்று கேட்கலாம். 1846-இல் காத்மாண்டு அரண்மனையில் நடந்த கோட் படுகொலைக்குப் பிறகு ஜங் பகதூர் ராணாவின் கைக்கு அதிகாரம் போனது. அன்றிலிருந்து பிரதமர் பதவி ராணா குடும்பச் சொத்து. மன்னர் என்பவர் அரண்மனைக்குள் பூட்டி வைக்கப்பட்ட உற்சவ மூர்த்தி. ஆங்கிலேயருக்கும் இது வசதியாகவே இருந்தது. கூர்க்கா வீரர்கள் தடையின்றிக் கிடைத்தார்கள். அதற்கு மேல் நேபாளத்துக்குள் என்ன நடந்தால் அவர்களுக்கு என்ன?

1947-இல் ஆங்கிலேயர் போனார்கள். புது டெல்லிக்குச் சங்கடம் வந்தது. ராணா ஆட்சியை எதிர்த்த நேபாளி காங்கிரஸைத் தொடங்கியவர்களில் பலர் கல்கத்தாவிலும் வாரணாசியிலும் வளர்ந்தவர்கள். அவர்களில் முதன்மையான பி.பி. கொய்ராலா வாரணாசியில் பிறந்தவர். ‘வெள்ளையனே வெளியேறு’ போராட்டத்தில் இந்தியச் சிறையில் இருந்தவர். நேற்றுவரை ஒரே சிறையில் இருந்த தோழர்களிடம், ‘உங்கள் ஊர் சர்வாதிகாரம் உங்கள் பாடு’ என்று சொல்ல முடியுமா?

நேரு முதலில் புத்திமதி சொல்லிப் பார்த்தார். ராணா ஆட்சி கேட்டுக்கொண்டதன் பேரில், அரசியல் சட்டம் வரைய உதவ ஸ்ரீ பிரகாசா காத்மாண்டுக்கு அனுப்பப்பட்டார். தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்கும். 1952-இல் பேரவையில் பெரும்பான்மை கிடைக்காத காங்கிரஸிலிருந்து ராஜாஜியை அழைத்து, மேலவைக்கு நியமித்து, முதலமைச்சராக்கிய ஆளுநர் அவரேதான். நேபாளத்தில் அவருக்கு அவ்வளவு அதிர்ஷ்டம் இல்லை. 1948 ஜனவரியில் சட்டம் வெளியானது. சீர்திருத்தத்துக்கு இசைந்த பிரதமர் பத்ம ஷம்ஷேர் இந்தியாவுக்கு வந்து பதவி விலகினார். அடுத்து வந்த மோகன் ஷம்ஷேர் அதைக் கிடப்பில் போட்டார்.

ஆனால் மோகன் ஷம்ஷேருக்கு ஒன்று புரிந்திருந்தது. ஜனநாயகத்தைக் கொடுக்காமல் இருக்க வேண்டுமானால் டெல்லிக்கு வேறு ஏதாவது கொடுக்க வேண்டும். 1950 ஜூலை 31 அன்று சமாதான, நட்புறவு ஒப்பந்தம் கையெழுத்தானது. நேபாளத்தின் சார்பில் பிரதமரே ஒப்பமிட்டார். இந்தியாவின் சார்பில் ஒப்பமிட்டவர் தூதர் சந்திரேஷ்வர் பிரசாத் நாராயண் சிங். பிரதமருக்கு எதிரே ஒரு தூதரா என்ற மனக்குறை நேபாளிகளிடம் இன்றும் உண்டு. உரைகளையும் கடிதங்களையும் புரட்டினால் இருவரின் மனதிலும் இருந்தது என்னவென்று தெரியும்: வடக்கே சீனா. அதே ஆண்டு அக்டோபரில் சீனப்படை திபெத்துக்குள் நுழைந்தது. அடுத்த மாதம் திரிபுவனின் கார் தூதரகத்துக்குள் திரும்பியது.

இதற்குள் நேபாளி காங்கிரஸின் படை ஆயுதங்களோடு தயாராக இருந்தது. பர்மா சோஷலிஸ்டுகளிடமிருந்து வந்த துப்பாக்கிகளும் அதில் அடக்கம். பீகாரின் ரக்சௌலுக்கு எதிரே, எல்லையைத் தாண்டியதும் இருக்கிற பிர்கஞ்ச் நகரத்தை அவர்கள் பிடித்தார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் போர், இந்தப் பக்கம் பேச்சு. 1951 ஜனவரியில் மோகன் ஷம்ஷேர் இறங்கி வந்தார். காத்மாண்டு திரும்பிய திரிபுவன், பிப்ரவரி 18 அன்று, மக்கள் தேர்ந்தெடுக்கும் அரசியல் நிர்ணய சபை நாட்டுக்குச் சட்டம் எழுதும் என்று அறிவித்தார். நூற்று நான்கு ஆண்டு ராணா ஆட்சிக்கு அது முடிவு. நேபாளத்தில் அந்த நாள் இன்றும் ஜனநாயக நாள்.

பேரம் நடந்தது யாருக்கிடையே? மன்னர், ராணாக்கள், இந்திய அரசு. துப்பாக்கி ஏந்திப் போராடிய நேபாளி காங்கிரஸ் பக்கத்து அறையில் காத்திருந்தது. தங்களைக் கேட்காமலே முடிவு எடுக்கப்பட்டதை கொய்ராலா பிற்காலத்தில் கசப்போடு நினைவுகூர்ந்தார். அமைந்த கூட்டு அமைச்சரவையில் பிரதமராக அமர்ந்தவரும் அதே மோகன் ஷம்ஷேர்தான். கொய்ராலா உள்துறை அமைச்சர். மன்னரின் தனிச் செயலராக கோவிந்த் நாராயண் என்ற இந்திய ஐ.சி.எஸ். அதிகாரி போனார். 1952-இல் இந்திய ராணுவப் பயிற்சிக்குழு வந்தது. அதுவரை காத்மாண்டுப் பணக்காரர்களின் கார்களைச் சுமைகூலிகள் மூங்கில் கட்டித் தோளில் தூக்கிக்கொண்டு மலையேறினார்கள். இந்தியப் பொறியாளர்கள் போட்ட திரிபுவன் ராஜபாட்டைதான் சமவெளியையும் தலைநகரையும் முதலில் இணைத்தது. ஜனநாயகமும் சாலையும் ஆலோசகர்களும் ஒரே திசையிலிருந்து வந்து இறங்கினால், வாங்கிக்கொண்டவர்களுக்கு எதற்கு நன்றி சொல்வது, எதற்குக் கோபப்படுவது என்று தெரியாமல் போவது இயல்பு.

அந்தக் கோபத்தைச் சரியாக எடைபோட்டவர் திரிபுவனின் மகன் மகேந்திரா. தந்தை வாக்களித்த அரசியல் நிர்ணய சபையை மறந்துவிட்டு, தானே ஒரு சட்டத்தை வழங்கி, 1959-இல் தேர்தல் நடத்தினார். 109 இடங்களில் நேபாளி காங்கிரஸ் 74 இடங்களை வென்றது. பி.பி. கொய்ராலா பிரதமரானார். பத்தொன்பது மாதம்கூட ஆகியிருக்காது. 1960 டிசம்பர் 15 அன்று கட்சியின் இளைஞர் மாநாட்டு மேடையிலேயே கொய்ராலாவை ராணுவம் கைது செய்தது. எட்டு ஆண்டு சிறை. நாடாளுமன்றம் கலைந்தது, கட்சிகள் தடைசெய்யப்பட்டன, பஞ்சாயத்து முறை வந்தது.

நேரு நாடாளுமன்றத்திலேயே வருத்தம் தெரிவித்தார். மகேந்திரா வடக்கே திரும்பினார். 1961 அக்டோபரில் சீனாவோடு எல்லை ஒப்பந்தம் கையெழுத்தானது. காத்மாண்டிலிருந்து சீன எல்லையிலுள்ள கோடாரிக்குச் சாலை போட உடன்பாடும் கூடவே வந்தது. சாலை வழியே கம்யூனிசம் வந்துவிடும் என்று பயமுறுத்தியவர்களிடம், கம்யூனிசம் டாக்சி பிடித்து வராது என்று அவர் சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. இன்னொரு பக்கம் சுவர்ண ஷம்ஷேர் தலைமையில் நேபாளி காங்கிரஸ்காரர்கள் இந்திய மண்ணிலிருந்து தாக்குதல் நடத்திக்கொண்டிருந்தார்கள். டெல்லி அதைக் கண்டும் காணாமல் இருந்தது. 1962-இல் ரக்சௌலில் சரக்குகள் நின்றன. யாரும் உத்தரவு போடவில்லை. ஆனால் லாரி நகரவில்லை. கடற்கரை இல்லாத நாட்டுக்கு அந்த எல்லைத் தடுப்புக் கட்டை கழுத்தில் விழுந்த சுருக்கு மாதிரி. மகேந்திரா பணிவார் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள்.

அவரைக் காப்பாற்றியது மாவோ. 1962 அக்டோபர் 20 அன்று சீனப்படை இந்திய எல்லையைத் தாண்டியது. இமயமலையில் இன்னொரு விரோதியை உண்டாக்கிக்கொள்ள டெல்லியால் முடியாது. தடுப்புக் கட்டை உயர்ந்தது. நேருவின் வேண்டுகோளுக்கு இணங்கி சுவர்ண ஷம்ஷேர் நவம்பரில் போராட்டத்தைக் கைவிட்டார். நேபாள ஜனநாயகம் கிட்டத்தட்ட முப்பது ஆண்டு தள்ளிப்போனது. டெல்லி கேட்டது ஜனநாயகமா, தன் பேச்சுக்குச் செவிசாய்க்கும் காத்மாண்டுவா? இரண்டில் ஒன்றைத்தான் எடுக்கலாம் என்று வந்தபோது அது எதை எடுத்தது என்பதற்கு அந்த நவம்பரே சாட்சி.

இடையில் ஒரு கிளைக்கதை. 1973 ஜூனில் ராயல் நேபாள ஏர்லைன்ஸின் சின்ன விமானம் ஒன்றை நேபாளி காங்கிரஸ் இளைஞர்கள் கடத்தி, பீகாரின் ஃபோர்ப்ஸ்கஞ்சில் இறக்கினார்கள். அதில் வங்கிப் பணம் முப்பது லட்சம் இந்திய ரூபாய் இருந்தது. பயணிகளில் இந்தி நடிகை மாலா சின்ஹாவும் ஒருவர். திட்டத்தில் முக்கியப் பங்கு வகித்த கிரிஜா பிரசாத் கொய்ராலா, பி.பி.யின் தம்பி, பிற்காலத்தில் பலமுறை நேபாளப் பிரதமரானார்.

1975-இல் சிக்கிம் இந்தியாவோடு இணைந்தது. அதே ஆண்டு தன் முடிசூட்டு விழாவில், மகேந்திராவுக்குப் பின் மன்னரான அவர் மகன் பிரேந்திரா, நேபாளத்தை ‘அமைதி மண்டலமாக’ அறிவிக்க வேண்டும் என்றார். பின்னர் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் அதை ஆதரித்தன. வேண்டிய ஒரே கையெழுத்து, இந்தியாவினுடையது, மட்டும் கிடைக்கவில்லை.

1988-இல் நேபாளம் சீனாவிடமிருந்து விமான எதிர்ப்புப் பீரங்கிகள் உட்பட ஆயுதங்கள் வாங்கியது. 1989 மார்ச் 23 அன்று வணிக, போக்குவரத்து ஒப்பந்தங்கள் காலாவதியானபோது ராஜீவ் காந்தி அரசு அவற்றைப் புதுப்பிக்கவில்லை. 21 எல்லை வழிகளில் 19 மூடப்பட்டன. காத்மாண்டில் மண்ணெண்ணெய்க்கு வரிசை; அடுப்பெரிக்க மலைக்காடுகள் வெட்டப்பட்டன. அரண்மனை இதை தேசபக்திப் பிரச்சாரமாக்கிப் பார்த்தது. கொஞ்ச நாள் எடுபடவும் செய்தது. பிறகு மக்களின் கோபம் எல்லையைவிட்டு அரண்மனையின் பக்கம் திரும்பியது. 1990 ஜனவரியில் காத்மாண்டில் நேபாளி காங்கிரஸ் தலைவர் கணேஷ் மான் சிங்கின் வீட்டில் நடந்த கட்சி மாநாட்டுக்கு இந்திய அரசியல் தலைவர் சந்திரசேகர் வந்து முழங்கினார். பிப்ரவரி 18-இல், அதே ஜனநாயக நாளில், மக்கள் இயக்கம் தொடங்கியது.

அதன் உச்சத்தில், மார்ச் கடைசியில், டெல்லி பிரேந்திராவிடம் ஓர் ஒப்பந்த வரைவை நீட்டியது. பாதுகாப்பிலும் நதிநீரிலும் இந்தியாவுக்குக் கூடுதல் பிடி கொடுக்கும் வரைவு அது. தெருவில் மக்கள் சுடப்பட்டுக்கொண்டிருந்த நேரத்தில் நீட்டப்பட்ட காகிதம். பிரேந்திரா அதில் ஒப்பமிடவில்லை. ஏப்ரல் 8 இரவு கட்சிகள் மீதான தடையை நீக்கினார். அண்டை நாட்டுக்கு விட்டுக்கொடுப்பதைவிடச் சொந்த மக்களுக்கு விட்டுக்கொடுப்பது மேல் என்று அவர் நினைத்ததாக நேபாளத்தில் இன்றும் சொல்வார்கள்.

2001 ஜூன் 1 இரவு அரண்மனைக்குள் நடந்த துப்பாக்கிச் சூட்டில் பிரேந்திராவின் குடும்பமே அழிந்தது. மூன்று நாள் கழித்து ஞானேந்திரா இரண்டாம் முறை முடிசூடினார். 2005 பிப்ரவரி 1 அன்று அரசைக் கலைத்து, தொலைபேசி இணைப்புகளைத் துண்டித்து, தலைவர்களை வீட்டுக் காவலில் வைத்து, ஆட்சியைத் தானே எடுத்துக்கொண்டார். இந்தியா ஆயுத உதவியை நிறுத்தியது. டாக்காவில் நடக்கவிருந்த சார்க் மாநாட்டுக்கு மன்மோகன் சிங் போகவில்லை, மாநாடே தள்ளிப்போனது. நவம்பரில் அது நடந்தபோது ஞானேந்திரா தாத்தா திரிபுவனின் வழியை விட்டுத் தந்தை மகேந்திராவின் வழியைப் பிடித்தார்: சார்க்கில் சீனாவுக்கும் இடம் வேண்டும் என்றார். அதே மாதம் 22-ஆம் தேதி, நேபாளத்தின் ஏழு கட்சிகளும் ஆயுதப் போராட்டம் நடத்திவந்த மாவோயிஸ்டுகளும் பன்னிரண்டு அம்ச உடன்பாடு கண்டார்கள். கண்ட இடம் டெல்லி. மாவோயிஸ்டுகளை அப்போது இந்தியா பயங்கரவாதிகள் என்றே அழைத்துக்கொண்டிருந்தது.

இவ்வளவு செய்த டெல்லி, கடைசி நேரத்தில் கிரீடத்துக்காகத் தயங்கியது. அரசியல் சட்டத்துக்குட்பட்ட மன்னர், பல கட்சி ஜனநாயகம் என்ற இரட்டைத் தூண் கொள்கை அதன் மனசை விட்டுப் போகவில்லை. 2006 ஏப்ரலில் காத்மாண்டுத் தெருக்கள் லட்சக்கணக்கான மக்களால் நிரம்பிவழிந்தபோது, மன்னரிடம் பேச கரண் சிங்கை அனுப்பியது. காஷ்மீர் மகாராஜாவின் மகன் அவர். அவர் மனைவி யசோ ராஜ்ய லட்சுமி யார் தெரியுமா? மூன்று வயது ஞானேந்திராவுக்கு முடிசூட்டிய மோகன் ஷம்ஷேரின் பேத்தி. கட்சிகள் ஒரு பிரதமரைச் சொல்லட்டும் என்று ஏப்ரல் 21-இல் மன்னர் அறிவித்ததை டெல்லி உடனே வரவேற்றது. தெரு அதைத் தூக்கியெறிந்தது. மறுநாளே வெளியுறவுச் செயலர் ஷியாம் சரண், இந்தியா நேபாள மக்களின் பக்கம்தான் என்று விளக்கம் கொடுக்க வேண்டியிருந்தது. 24-ஆம் தேதி இரவு மன்னர் நாடாளுமன்றத்தைத் திரும்ப அழைத்தார்.

திரிபுவன் 1951-இல் வாக்களித்த அரசியல் நிர்ணய சபைக்கு 2008 ஏப்ரலில்தான் தேர்தல் நடந்தது. ஐம்பத்தேழு ஆண்டு. மே 28 அன்று அந்தச் சபை முடியாட்சியை ஒழித்தது. எதிர்த்து விழுந்த வாக்குகள் நான்கு. ஜூன் மாதம் ஞானேந்திரா நாராயண்ஹிட்டி அரண்மனையை விட்டு வெளியேறினார்.

மன்னர் போய்விட்டார், தடுப்புக் கட்டை போகவில்லை. 2015 செப்டம்பரில் புதிய அரசியல் சட்டம் வெளியாக இரண்டு நாள் இருக்கையில், அப்போது வெளியுறவுச் செயலராக இருந்த, தமிழ்க் குடும்பத்தில் பிறந்த எஸ். ஜெய்சங்கர் காத்மாண்டுக்கு வந்தார். தெராய் சமவெளியின் மாதேசிகளுக்கு அநியாயம் நடக்கிறது, அவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்பது செய்தி. அந்தக் குறையில் நியாயம் இருந்தது. ஆனால் சட்டம் வெளியாகும் நாளைத் தள்ளச் சொல்லி வாசலில் வந்து நிற்கும் அண்டை வீட்டுக்காரரை யாருக்குப் பிடிக்கும்? செப்டம்பர் 20-இல் சட்டம் வந்தது. சில நாட்களில் ரக்சௌலில் லாரிகள் நின்றன. மாதேசிப் போராட்டக்காரர்கள் பாலத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள், ஓட்டுநர்களுக்குப் பாதுகாப்பில்லை, நாங்கள் எதையும் தடுக்கவில்லை என்றது இந்தியா. அதே ஆண்டு வந்த பூகம்பத்தில் வீடிழந்து கூடாரத்தில் கிடந்தவர்கள் சமையல் எரிவாயு இல்லாமல் அந்தக் குளிர்காலத்தைக் கழித்தார்கள். 1962-இல் மகேந்திராவுக்குக் கிடைத்த தேசியவாதி பட்டம் இம்முறை அப்போதைய பிரதமர் கே.பி. சர்மா ஒலிக்குக் கிடைத்தது. 2016 மார்ச்சில் அவர் பெய்ஜிங் போய்ச் சீனத் துறைமுகங்கள் வழியே சரக்குக் கொண்டுவர உடன்பாடு செய்துகொண்டார்.

அதே 2016-இல், 1950 ஒப்பந்தம் உட்பட எல்லாவற்றையும் மறுபரிசீலனை செய்ய இரு நாடுகளும் ஆளுக்கு நான்கு பேரைப் போட்டு ஒரு குழு அமைத்தன. 2018-இல் குழு ஒருமனதாக அறிக்கையை முடித்தது. முதலில் அதை இந்தியப் பிரதமர் கையில் கொடுப்பது என்று ஏற்பாடு. ஆண்டுகள் பல ஓடியும் அதைப் பெற்றுக்கொள்ள டெல்லியில் நேரம் ஒதுக்கப்படவில்லை.