செம்பும் களிம்பும்

கும்பகோணத்தை அடுத்த சுவாமிமலையின் பட்டறைகளில் செம்பு உருகுகிறது. மெழுகால் உருவம் சமைத்து, காவிரியின் வண்டல் மண்ணை அதன்மேல் பூசி, சூடேற்றி மெழுகை வடித்து, அந்த வெற்றிடத்திலே உலோகத்தை வார்க்கின்றனர். வார்ப்பு முடிந்ததும் பக்தர் கண்ணுக்கு அது ஆண்டவன். நம் கண்ணுக்கு அது மனிதனின் கைத்திறன். அந்தப் படிமத்தின்மீது நாளடைவில் படிகிறதே களிம்பு, அதைப் பற்றித்தான் நாம் இங்கே பேசுகிறோம். கடவுளைப் பற்றியல்ல, களிம்பைப் பற்றி!

சைவ சித்தாந்திகளுக்குக் களிம்பின்மீது தனிப்பற்று. நெல்லுக்கு உமிபோல, செம்புக்குக் களிம்புபோல, உயிரோடு ஆணவமலம் அநாதியாகவே கலந்திருக்கிறது என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் உவமை. உவமை அழகுதான், உண்மை என்ன? உமி நெல்லோடு பிறந்தது, ஒப்புகிறோம். களிம்பு செம்போடு பிறந்ததா?

வீட்டிலுள்ள செப்புக் குடம் விடை கூறும். புளியிட்டுத் துலக்கிய அன்று செக்கச்செவேலென்று மின்னும்; சில நாளில் மங்கும். காற்றிலுள்ள ஆக்சிஜன் செம்போடு கூடிச் சிவந்த ஆக்சைடு ஆகிறது. சூடுபட்டு மேலும் ஆக்சிஜன் ஏறினால் கருப்பு ஆக்சைடு. ஈரமும் கரியமில வாயுவும் சேர்ந்தால், ஆண்டுகள் செல்லச் செல்லப் பச்சை. மண்ணுள் புதைந்து கிடந்து வெளிப்பட்ட சோழர் காலப் படிமங்கள் பசுமை பூத்திருப்பது இதனால்தான். புளியின் அமிலம் பட்டதும் அது கரைந்தோடுகிறது. காற்றால் வந்தது, புளியால் போகிறது! பிறவியிலேயே மாசு என்று செம்பைச் சொன்ன நாடு, அந்தச் சொல்லைச் செம்போடு நிறுத்திக்கொண்டதா, தோழர்களே?

ஏடு எழுதியவன் மாசு என்று கண்டதை, உலை ஊதியவன் வண்ணமாகக் கண்டான். புதுவைக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றங்கரையிலே அரிக்கமேடு இருக்கிறது. 1945இல் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழ்ந்தார். ரோமாபுரியோடு வாணிகம் நடத்திய அந்தப் பட்டினத்தில், ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகட்கு முன்பே கண்ணாடி மணிகள் செய்தனர். அவற்றிலே நீலப்பச்சை மணியும் உண்டு, செங்கல் நிற மணியும் உண்டு. இரண்டுக்கும் நிறம் தந்தது செம்பே!

எப்படி? நூற்றுக்கு ஓரிரு பங்கு செம்பைக் கண்ணாடி உருக்கிலே சேர்த்து, அடுப்பில் காற்றைத் தாராளமாக விட்டால், ஆக்சிஜன் நிறைந்த செம்பு நீலப்பச்சை காட்டும். காற்றை அடைத்து, புகையும் கரியும் ஆளும்படி வைத்தால், ஆக்சிஜனை இழந்த செம்பு சிவந்த ஆக்சைடின் நுண்படிகங்களாகவும், வெறும் செம்புத் துகள்களாகவும் பிரிந்து, ஒளி புகாத சிவப்பாகும். அது எளிதன்று, காற்று மிகுந்தால் சிவப்புக் கெட்டுவிடும். வேதியியல் நூல் எதுவும் கையில் இல்லாத ஒருவன், துருத்தியையும் விறகையும் கண்ணால் அளந்தே இதைச் சாதித்தான். செம்பு ஆக்சைடு உருக்கை இளக்கும் என்பதும் அவன் கை அறிந்திருக்கும்.

நினிவே நகரத்து அசுர்பனிபால் மன்னனின் நூலகத்திலே, கி.மு. 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த களிமண் பலகைகளில் கண்ணாடிப் பக்குவம் எழுதப்பட்டிருக்கிறது. நல்ல நாள் பார், உலையருகே தெய்வ உருக்களை வை, ஆட்டைப் பலியிடு என்கின்றன பலகைகள். உடனே, புகையாத விறகை இடு, உலையின் கதவை மூடு என்றும் சொல்லுகின்றன. நிறம் தந்தது ஆடா, கதவா? இந்தப் பக்கத்தின் வாசகர்க்கு நாம் விடை சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஒன்று: மூடநம்பிக்கையோடு கலந்தேனும் அங்கே தொழில் ஏடேறியது. அரிக்கமேட்டு உலைக்காரனின் பெயர்கூட நமக்குக் கிட்டவில்லை. எழுத்து ஒரு கூட்டத்திடமும் நெருப்பு மற்றொரு கூட்டத்திடமும் பிரிந்து கிடந்த நாட்டில், வேறென்ன நடக்கும்?

அரிக்கமேட்டின் அடுப்பு அவிந்து நெடுங்காலமாயிற்று. ஆந்திரத்தின் பாப்பநாயுடுபேட்டையில் மட்டும், உருகிய கண்ணாடியை நீண்ட குழலாக இழுத்து, நறுக்கி, மீண்டும் சூடேற்றி முனை மழுக்கும் முறை 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் வாழ்ந்திருந்தது. அரிக்கமேட்டு மணி எவ்வாறு பிறந்தது என்பதை ஆய்வாளர்கள் விளங்கிக்கொண்டது, அந்தத் தொழிலாளரின் அடுப்பருகே போய் நின்று பார்த்துத்தான்.