தாழ்ப்பாளுக்கு எது துணை? பிராகொனாரின் ஓவியமும் புளோவின் அச்சும்

பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு அச்சோவியங்களை மூல ஓவியத்தின் மலிவான நகல்களாகக் கருதும் பழக்கம் இன்னும் முற்றிலும் போய்விடவில்லை. சோடியாக விற்கப்பட்ட அச்சுகளை அப்படி மதிப்பிட முடியாது. எந்தப் படத்துக்கு அருகில் எது தொங்க வேண்டும் என்பதை அச்சுத் தொழிலே தீர்மானித்தபோது, படத்தின் பொருளும் இடம்பெயர்ந்தது. பிரெஞ்சு ஓவியர் பிராகொனாரின் ‘தாழ்ப்பாள்’ இதற்குத் தக்க சான்று.

1770களின் பிற்பகுதியில் அவர் அதை வெரி என்ற பிரபுவுக்காக வரைந்தார். இடப்புறம் சிவந்த திரைச்சீலைகளுக்கு நடுவே கலைந்த படுக்கை; அதனருகே மேசைமேல் ஓர் ஆப்பிள். வலப்புறத்தில் இளைஞன் ஒருவன் ஒரு கையால் பெண்ணைப் பற்றிக்கொண்டு, மறு கையை எட்டி நீட்டித் தாழ்ப்பாளைத் தள்ளுகிறான். அவள் இணங்குகிறாளா, விலகுகிறாளா என்பது இன்றும் தீராத வழக்கு. வெரியிடம் இதற்கு இணையாக இருந்த ஓவியம், வியப்பாக, குழந்தை இயேசுவை இடையர்கள் வணங்கும் காட்சி. ஏறத்தாழ ஒரே அளவுள்ள இவ்விரண்டும் இப்போது லூவர் அருங்காட்சியகத்தில் உள்ளன. இந்தச் சேர்க்கையைப் பின்னாளில் தொல்லியல் அறிஞர் அலெக்சாந்தர் லெனுவார் ஒரு விபரீத முரணாகவே குறித்தார். ஆனால் ஆப்பிளை ஏவாளின் கனியாகக் கொண்டால் ஒன்று வீழ்ச்சி, மற்றது மீட்பு; முரண் அர்த்தமுள்ளதாகிவிடுகிறது.

1784இல் மொரீஸ் புளோ ‘தாழ்ப்பாளை’ச் செப்புத்தகட்டில் செதுக்கி அச்சிட்டார். அதற்கு இணையாக அவர் வெளியிட்டது இடையர்களை அன்று. எட்டாண்டு கழித்து, 1792இல், பிராகொனாரின் பெயரைத் தாங்கி ‘ஒப்பந்தம்’ வந்தது. பொருள் திருமணம். சங்க அகமரபின் சொற்களில், களவு கற்பில் முடிந்தது என்று நமக்குச் சொல்லத் தோன்றும்; ஆனால் களவில் இருவர் மனமும் ஒன்றியிருக்கும். இங்கே பெண்ணின் மனத்தை ஓவியர் திறந்து காட்டவில்லை.

இது வெறும் வணிகம் என்று மறுக்கலாம். கணப்பின் இருபுறமும் சமச்சீராகப் படம் மாட்டிய காலம் அது. ஒன்றை வாங்கியவர் அதே அளவில் இன்னொன்றைத் தேடுவார். புதிய தாள் பழையதற்கு இணையாகும் என்று விற்பனையாளர்கள் விளம்பரமும் செய்தார்கள். மறுப்பு உண்மைதான், ஆனால் போதாது. அளவு மட்டுமே வேண்டுமென்றால் எந்த உள்ளறைக் காட்சியும் போதும், தேர்ந்தெடுத்தது திருமணத்தை. 1791ஆம் ஆண்டு அரசியலமைப்பு திருமணத்தைக் குடிமை ஒப்பந்தமாக மட்டுமே கருதியது. அதுதான் காரணம் என்று நான் வாதிடவில்லை. ஆனால் இரண்டாம் தாளின் தலைப்பை அன்றைய பாரிஸ்காரர் வெறும் காதல் சொல்லாக வாசித்திருக்க மாட்டார்.

எல்லாச் சோடிகளும் இப்படிப் பிறந்தவை அல்ல. ஓவியர் குரூஸின் ‘தந்தையின் சாப’மும் ‘தண்டிக்கப்பட்ட மகனும்’ ஓவியங்களாகவே இணைந்தவை. அச்சுச் செதுக்குநர் கய்யார் அந்த இணையைக் காப்பாற்றிச் செதுக்கினார். ஆங்கில ஓவியர் ஹோகார்த் 1751இல் வெளியிட்ட ‘பீர்த் தெரு’, ‘ஜின் சந்து’ இரண்டும் அச்சுக்கென்றே பிறந்தவை. புளோவின் சோடியோ ஓர் ஓவிய இணையைப் பிரித்து, வேறோர் இணையைக் கட்டியது.

இதனால் ஏற்பட்ட இழப்பும் சிறிதன்று. தனி ஓவியமாகப் பார்க்கும்போது ‘தாழ்ப்பாள்’ கேள்வியோடு நிற்கிறது. இடையர்களோடு சேரும்போது அது பாவமும் அருளும் பற்றிய சிந்தனையாகிறது. ஒப்பந்தத்தோடு சேர்ந்தபோது, அந்த இரவு ஒரு கையொப்பத்தால் நேர்செய்யக்கூடிய முன்கதையாகச் சுருங்கியது. அச்சின் வழியே அதை அறிந்தவர்களுக்குப் பெண்ணின் சம்மதம் பற்றிய கேள்வியை இரண்டாம் தாள் ஏற்கெனவே மூடிவைத்துவிட்டது.