ஆடு புலி ஆட்டம்: விதி மேல் குற்றம் சொல்லலாமா?

மூன்று புலி, பதினைந்து ஆடு. புலி ஆட்டைத் தாண்டி வெட்டலாம். ஆட்டுக்குப் புலியை வெட்டும் உரிமையே கிடையாது. "இதெல்லாம் ஒரு ஆட்டமா? ஒரு பக்கத்துக்கு மட்டும் சலுகை கொடுத்தால் எப்படி?" முதல் தடவை ஆடு வைத்துத் தோற்றவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதுதான். ஆனால் தீர்ப்பு சொல்லும் முன் கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டும்.

திருவாரூர் மாவட்டத்துக்காரர்களுக்கு இந்தக் கேள்வி இன்னும் சுவாரஸ்யமானது. கூத்தாநல்லூருக்கு அக்கம்பக்கத்தில்தான், நீடாமங்கலம் வட்டாரத்தில், பூவனூர் இருக்கிறது. அங்கே சிவனுக்குப் பெயரே சதுரங்க வல்லபநாதர். இளவரசியோடு சதுரங்கம் ஆடி ஜெயித்தவர் என்பது தலபுராணம். 2022-ல் சென்னையில் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது இந்தக் கோயில் இந்தியா முழுக்கப் பேசப்பட்டது. சதுரங்கத்தில் இரண்டு பக்கமும் பதினாறு காய். ராஜா, மந்திரி, யானை, குதிரை எல்லாம் சரிசமம். அதைப் பழகிய கண்ணோடு ஆடு புலி ஆட்டத்தைப் பார்த்தால் அநியாயமாகத்தான் தெரியும்.

சரி, பலகையைப் பாருங்கள். உச்சியில் ஒரு புள்ளி. அங்கிருந்து நான்கு கோடுகள் விரிந்து கீழே இறங்கும். குறுக்கே மூன்று வரிகள், வரிக்கு ஆறு புள்ளி. அடியில் நான்கு. ஆக 1 + 18 + 4 = 23 புள்ளிகள். புலிகள் மூன்றும் முதலில் அமர்ந்துவிடும். ஆடுகள் ஒவ்வொன்றாக இறங்கும். எல்லா ஆடும் இறங்கும்வரை எந்த ஆடும் நகரக் கூடாது. புலிக்கு அந்தத் தடை இல்லை.

ஆட்டம் தொடங்கும்போது காலியிடம் 20. பதினைந்து ஆடும் பத்திரமாக இறங்கிவிட்டால் காலியிடம் வெறும் 5! புலியின் பலமே தாண்டிக் குதிக்க ஓர் இடம் இருப்பதில்தான். அந்த இடத்தை ஆடுகள் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொள்கின்றன. ஒரு ஆட்டுக்குப் பின்னால் இன்னொரு ஆடு நின்றால் முன்னால் இருப்பதை வெட்ட முடியாது. அதே சமயம் ஐந்து ஆடு வெட்டுப்பட்டால் காலியிடம் 5 பத்தாகிவிடும், அதாவது இரண்டு மடங்கு. தனி ஆடு பலியாகும், சேர்ந்து நிற்கும் ஆடு புலியைக் கட்டும். புலியிடம் இருப்பது வேகம், ஆட்டிடம் இருப்பது எண்ணிக்கை. எண்ணிக்கையை ஒழுங்காக நிறுத்தத் தெரியாதவர் தோற்றால் அது விதியின் குற்றமாகாது.

இதைக் கம்ப்யூட்டரிலும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். நம் ஆட்டத்தை அல்ல, அதன் நேபாளச் சகோதரனான பாக் சாலை. அதில் 25 புள்ளி, 4 புலி, 20 ஆடு. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த லிம் யூ ஜின்னும் சுவிட்சர்லாந்துப் பேராசிரியர் யூர்க் நீவர்கெல்ட்டும் இந்த ஆராய்ச்சியைச் செய்தார்கள். 2009-ல் வெளியான அவர்கள் கட்டுரையின் முடிவு: இரண்டு பக்கமும் தவறே செய்யாமல் ஆடினால் ஆட்டம் சமனில் முடியும். காய்கள் சமமில்லை, வாய்ப்பு சமம்! "சின்ன சிங்கப்பூர்" என்று பெயர் வாங்கிய கூத்தாநல்லூர்க்காரர்களுக்கு, பெரிய சிங்கப்பூரிலிருந்து வந்த இந்தச் செய்தி பிடிக்கும். பலகை வேறு என்பதால் இந்த முடிவை அப்படியே நம் ஆட்டத்துக்குப் பொருத்த முடியாது. ஆனால் காய்களை எண்ணிப் பார்த்தே "அநியாயம்" என்று சொல்லிவிட முடியாது என்பது உறுதி.

அப்படியானால் விதிகளைக் குறை சொல்லவே கூடாதா? சொல்லலாம். பிரஷ்ய ராணுவத்தில் ரைஸ்விட்ஸ் என்ற அதிகாரி 1824-ல் ஒரு போர் விளையாட்டை வெளியிட்டார். வரைபடத்தின் மேல் சின்னச் சின்னக் கட்டைகளை நகர்த்தி, பகடை உருட்டி ஆடுவது. அதிகாரிகளுக்குச் சட்டென்று முடிவெடுக்கப் பயிற்சி தருவதுதான் நோக்கம். ஆனால் விதிகளும் அட்டவணைகளும் ஆட்டத்தை இழுத்தடித்தன. 1876-ல் வெர்டி து வெர்னுவா அதைக் கண்டித்து, முடிவை அனுபவமுள்ள நடுவரிடம் விடச் சொன்னார். அந்த விமர்சனம் சரி, ஏனென்றால் விதி அதன் நோக்கத்துக்கே குறுக்கே நின்றது.

ஆடு புலி ஆட்டத்தை இதே அளவுகோலால் அளந்தால் ஒரு குறை நிஜமாகவே அகப்படும். நெருக்கடியில் இருக்கும் புலி இரண்டு புள்ளிகளுக்கு நடுவே போவதும் வருவதுமாக இருந்தால் என்ன செய்வது? நேபாளத்தில் ஏற்கெனவே வந்த நிலைக்கே திரும்பி வரக் கூடாது என்று விதி உண்டு. சதுரங்கத்தில் ஒரே நிலை மூன்று முறை வந்தால் சமன் கேட்கலாம். நம் கோயில் தரைகளில் கோடுகளைத்தான் செதுக்கி வைத்தார்கள், விதிகளைச் செதுக்கவில்லை. எத்தனை ஆடு போனால் புலிக்கு வெற்றி என்பதுகூட ஊருக்கு ஊர் மாறுகிறது. பாதி ஆட்டத்தில் சண்டை வருவது இதனால்தான். இந்த இரண்டையும் உட்காரும் முன்பே பேசிக்கொள்ள வேண்டும்.

மற்றபடி சமமாக்குகிறேன் பேர்வழி என்று ஆட்டுக்கும் வெட்டும் உரிமை கொடுத்தால் ஆடு புலி ஆட்டமே இருக்காது. ஐரோப்பாவின் நரி வாத்து ஆட்டத்தில் வாத்துகளின் எண்ணிக்கை 13, 15, 17 என்று மாறியிருக்கிறது. ஆனால் வாத்து வாத்தாகவே இருந்தது.

குறை சொல்ல நினைப்பவர்களுக்கு எளிய வழி ஒன்று உண்டு. இரண்டு ஆட்டம் ஆடுங்கள். ஒன்றில் புலி, அடுத்ததில் ஆடு. எதிராளியின் எத்தனை ஆட்டை வெட்டினீர்கள், உங்கள் ஆடு எத்தனை போனது என்று ஒப்பிடுங்கள். இரண்டிலும் தோற்றால் குறை விதியில் இல்லை!