பதிவேடும் சாட்சியமும்

1884ஆம் ஆண்டு அலகாபாத் உயர் நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. குற்றம் சாட்டப்பட்டவர் பெயர் கைராத்தி. பெண் உடை உடுத்திப் பெண்களோடு சேர்ந்து பாடிக்கொண்டிருந்தவர். அவரைப் பிடித்துக்கொண்டு போய், மருத்துவரை வைத்து உடம்பைச் சோதித்து, 377ஆம் பிரிவின் கீழ் தண்டனையும் கொடுத்துவிட்டார்கள். எந்த நாளில், எந்த இடத்தில், யாரோடு என்று எதையுமே சொல்லவில்லையே என்று மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றம் விடுவித்தது. அவரை வளர்த்தது யார், அன்றைக்கு என்ன பாட்டுப் பாடினார் என்றெல்லாம் அந்தத் தீர்ப்பில் தேடினால் கிடைக்காது. போலீஸ் பிடித்த காரணத்தால் மட்டுமே அந்தப் பெயர் நமக்கு மிஞ்சியிருக்கிறது.

காலனிய ஆவணங்களில் திருநர்கள் வரும் இடமெல்லாம் பெரும்பாலும் இப்படித்தான். 1871ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டத்தை நம்ம சனங்க 'கைரேகைச் சட்டம்' என்றே சொல்வார்கள். 1911இல் அது சென்னை மாகாணத்துக்கு வந்தது. 1920இல் பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூடு நடந்தது. இவ்வளவும் தெரிந்த நமக்கு, 1871 சட்டத்துக்கு இரண்டாவது பகுதி ஒன்று இருந்தது தெரியாது. அந்தப் பகுதி முழுக்க 'அலிகள்' என்று அரசு முத்திரை குத்தியவர்களுக்கானது. வடமேற்கு மாகாணம், அவுத், பஞ்சாப் பகுதிகளில் நடைமுறைக்கு வந்தது. சந்தேகம் ஒன்றே போதும், பெயரைப் பதிவேட்டில் ஏற்றிவிடலாம். பெயர் ஏறியவர் பெண் உடையோடு தெருவில் தெரிந்தால், பொது இடத்தில் ஆடினால், பாடினால், பிடியாணை இல்லாமலே கைது. இரண்டாண்டு வரை சிறை. 16 வயதுக்குக் குறைந்த பையனை வீட்டில் வைத்திருக்கக் கூடாது. உயில் எழுத முடியாது. தத்தெடுக்கவும் முடியாது.

இந்தக் கடைசி விதிகளைக் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். குருவிடமிருந்து சேலாவுக்குச் சொத்து மட்டுமா போகிறது? பாட்டு, சடங்கு, கதை, யார் எங்கே செத்தார்கள் என்கிற நினைவு எல்லாமே அந்த வழியில்தான் போகிறது. அந்த வழியை அடைத்துவிட்டு, மிச்சமிருந்த பெயர்களைக் காவல் நிலையத்து ஏட்டில் பூட்டினார்கள்.

அப்படிப்பட்ட ஏடு சுலபத்தில் சாவதில்லை. நிஜாமின் ஹைதராபாத்தில் 1919இல் இதேபோல் போடப்பட்ட ஒரு சட்டத்தைத் தெலங்கானா உயர் நீதிமன்றம் செல்லாது என்று சொன்னது 2023 ஜூலையில். நூறு வருசத்துக்கு மேல்.

"இதெல்லாம் பழைய கதை தோழர், இப்ப எதுக்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. 2013 டிசம்பர் 11ஐ அவர்களுக்கு ஞாபகப்படுத்த விரும்புகிறேன். 2009இல் டெல்லி உயர் நீதிமன்றம் அம்பேத்கரின் 'அரசியல் சட்ட ஒழுக்கம்' என்ற கருத்தை முன்வைத்து 377ஐ மட்டுப்படுத்தியது. அதை 2013இல் உச்ச நீதிமன்றம் புரட்டிப் போட்டது. அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று: இவர்கள் மக்கள்தொகையில் மிகச் சிறிய பகுதி, 150 ஆண்டுகளில் தண்டனைக்கு இழுக்கப்பட்டவர்கள் 200 பேருக்கும் குறைவு. இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது? அச்சான தீர்ப்புகளிலிருந்து. ஸ்டேஷனில் வாங்கிய அடி, கேஸ் போடாமலே பிடுங்கிய காசு, வீட்டை விட்டுத் துரத்தியது எதுவும் தீர்ப்பேட்டில் இருக்காது. எழுதப்படாத வதை நடக்காத வதையாகிவிட்டது.

நான்கே மாதம் கழித்து, 2014 ஏப்ரல் 15 அன்று, அதே நீதிமன்றத்தின் வேறொரு அமர்வு திருநர்களின் பாலின அடையாளத்தை அங்கீகரித்தது. அந்தத் தீர்ப்பில் 1871 சட்டம் வருகிறது, கைராத்தியும் வருகிறார். தண்டிப்பதற்காக எழுதிய ஏடு, 130 ஆண்டு கழித்துத் தண்டித்தவர்களுக்கே எதிரான சாட்சியாகத் திரும்பியது. 2018 செப்டம்பரில், வயது வந்தவர்கள் இருவர் சம்மதித்துச் சேர்வது குற்றமில்லை என்று தீர்ப்பானது. இந்தச் சமூகத்திடம் வரலாறு மன்னிப்புக் கேட்கக் கடமைப்பட்டிருக்கிறது என்று அன்றைக்கு ஒரு நீதிபதி எழுதினார்.

ஆனால் எதிரியின் ஏட்டையே எத்தனை நாளைக்கு நம்பியிருப்பது? 1991இல் டெல்லியில் எய்ட்ஸ் பாகுபாடு எதிர்ப்பு இயக்கத்தினர் வெளியிட்ட அறிக்கை, 2003இல் கர்நாடக மக்கள் சிவில் உரிமைக் கழகம் போலீஸ் வன்முறையைத் திரட்டித் தந்த அறிக்கை, ரேவதி தொகுத்த 'உணர்வும் உருவமும்', தலித் திருநங்கையான லிவிங் ஸ்மைல் வித்யாவின் 'நான், வித்யா' ஆகிய இவைதான் மாற்று ஆவணங்கள். 1992இல் 'கருக்கு' வந்தபோது நாம் கற்றுக்கொண்டதும் இதைத்தானே: நம்ம கதையை நாமே சொன்னால் ஒழிய அது கதையாக நிற்காது.

இதற்குள்ளும் சாதி மறைந்துபோகக் கூடாது. 2015இல் தமிழக அரசு திருநர்களை மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்த்தது. பாலினத்தைச் சாதி மாதிரி நடத்திய ஏற்பாடு அது. தலித் திருநங்கை தலித்தாகவும் திருநங்கையாகவும் ஒரே நேரத்தில் ஒடுக்கப்படுவதை அதனால் பார்க்க முடியவில்லை. கிரேஸ் பானு போன்றவர்கள் கிடைமட்ட இடஒதுக்கீடு கேட்டுப் போராடினார்கள். 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றமும் அதை வழங்கச் சொன்னது. அந்த வாதத்துக்குப் பலம் கொடுத்தது வாழ்ந்தவர்களின் வாக்குமூலம்.

ஆகவே மாணவர்களிடமும் எழுதுகிற தோழர்களிடமும் எனக்கு ஒரு வேண்டுகோள். வயதான திருநங்கைகள் சேரிகளிலும் நகரத்து ஓரங்களிலும் இருக்கிறார்கள். போய் உட்கார்ந்து கேளுங்கள். எந்தப் பெயரில் எழுதுவது, எதை எழுதக் கூடாது என்பதை அவர்களே சொல்லட்டும். எழுதியதை வாசித்துக் காட்டி, ஒரு பிரதியை அவர்கள் கையிலேயே கொடுங்கள். 1871இல் பெயர் எழுதியவன் யாரிடமும் சம்மதம் கேட்கவில்லை. நாம் கேட்டுத்தான் எழுத வேண்டும்.