கல்லில் மேடு, திரையில் மாயம்

செங்கற்பட்டிலிருந்து மாமல்லபுரம் செல்வோர் அருச்சுனன் தபசைக் காணாமல் திரும்புவதில்லை. கி.பி. 7-ஆம் நூற்றாண்டில் பல்லவர் காலச் சிற்பிகள் செதுக்கிய மாபெரும் புடைப்புச் சிற்பம் அது. கிழக்கு நோக்கிய அப்பாறையைக் கதிரவன் உதித்தவுடன் பாருங்கள். ஒளி நேரே விழுவதால் மேடுபள்ளம் மங்கித் தோன்றும். வெயில் ஏறி, ஒளி சாய்வாகப் படரும்போதோ உருவங்கள் நிழலோடு எழுந்து நிற்கும்!

இதன் காரணம் என்ன? ஒளியை நோக்கிய பக்கம் வெளுக்கும்; விலகிய பக்கம் கறுக்கும். இதற்கு லாம்பெர்ட் என்னும் அறிஞர் 1760-இல் கணக்கு வகுத்தார். அக்கணக்கைக் கொண்டே 1978-இல் ஜேம்ஸ் பிளின் என்ற அமெரிக்கர் கணிப்பொறிப் படங்களில் ஒரு தந்திரம் செய்தார். வழவழப்பான பரப்பை அவர் மாற்றவில்லை. ஒவ்வொரு புள்ளியும் நோக்கும் திசையை மட்டும் கணக்கில் சற்றே சாய்த்தார். நிழல் மாறியது, ஆரஞ்சுத் தோல்போல் சொரசொரப்புத் தோன்றியது. இன்றைய படத்திருத்த மென்பொருள்களோ, படத்தின் வெளிர் புள்ளியை மேடாகவும் கரும்புள்ளியைப் பள்ளமாகவும் கொண்டு இவ்வாறே நிழலிடுகின்றன.

ஆயினும் மாயம் ஓரிடத்தில் பிடிபடும். பிளின் முறையில் வரைந்த பந்தின் விளிம்பைப் பாருங்கள்; அது வழவழப்பாகவே இருக்கும். பல்லவச் சிற்பியின் யானையைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். அங்கே மேடு மேடுதான்!